குதிரைகளைக் கூட்டுவதற்கு முன்

மைசூருக்குப் போகும் தமிழர்கள் தேவராஜ மொஹல்லாவில் கால் வைக்காமல் திரும்புவது அபூர்வம். மார்க்கெட் அங்கேதான் இருக்கிறது. மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு வாழைப்பழம், குங்குமம், ஊதுபத்தி என்று மைசூரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சரக்கெல்லாம் கூறு கூறாகக் குவிந்திருக்கும். மைசூரின் பெயரைச் சுமக்கும் இன்னொரு சரக்கு மார்க்கெட்டில் விற்பதில்லை, தெருவில் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரிந்துவிடும். வெண்கலப் பாத்திரத்தில் மத்து உருள்வதுபோல ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை. அதுதான் ஜாவா அல்லது அதன் தம்பி யெஸ்டி.

ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், யாதவகிரியில், 1961ல் ஐடியல் ஜாவா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ருஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா கம்பெனியிடம் உரிமம் வாங்கி வந்தார்கள். அப்போது மைசூர் மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஜெயசாமராஜ உடையார் திறந்துவைத்தார். எழுபதுகளில் உரிமம் முடிந்ததும் வண்டிக்கு யெஸ்டி என்று பெயர் மாறியது. 1978ல் ரோட்கிங் வந்தது. 1996ல் கதவு சாத்தப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள், ஜப்பானியக் கூட்டு வண்டிகளின் போட்டி, தொழிலாளர் தகராறு என்று காரணங்கள் பல. விளைவு ஒன்று: ஏறக்குறைய 30 ஆண்டுகளாக இந்த வண்டிகளுக்குத் தாய்வீடு இல்லை.

தாய்வீடு இல்லாத வண்டிக்கு மவுசு மட்டும் குறையவில்லை. ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஜாவா-யெஸ்டி தினம் என்று ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். 2018ல் ஜாவாவும் 2022ல் யெஸ்டியும் மறு அவதாரம் எடுத்தன. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள், மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தயாராகிறவை. மைசூர்ச் சத்தம் வேண்டுமென்றால் அப்பாவின் பழைய வண்டியைத்தான் இறக்கிப் பார்க்க வேண்டும்.

தேவராஜ மொஹல்லாவில் ஒருவருக்கு அப்படி ஒரு ரோட்கிங் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூலையில் பத்து வருடம் நின்ற வண்டி. இன்ஜினைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். கட்டும்போது கட்டுகிறோம், கொஞ்சம் வேகத்தையும் கூட்டினால் என்ன என்ற ஆசை வருகிறது. 16 குதிரைத் திறன் போதாது, 20 ஆகட்டும், 25 ஆகட்டும். அமெரிக்கர்கள் தங்கள் மஸில் கார்களுக்கு சூப்பர்சார்ஜர் மாட்டுகிறார்களே, அதை இதற்கு மாட்ட முடியாதா?

கேள்வி வேடிக்கையானது போலத் தோன்றும். பதிலில் நிறைய விஷயம் இருக்கிறது.

இன்ஜின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்பு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். காற்றைத்தான் திணிக்க முடியாது. வெளியே வளிமண்டலம் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் உள்ளே போகும். மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையைவிட அங்கே காற்று ஏழெட்டு சதவீதம் மெலிந்தது. அந்த அளவுக்கு இன்ஜினின் பலமும் குறையும். சூப்பர்சார்ஜர் இந்தத் தடையை உடைக்கும் கருவி. இன்ஜினே சுழற்றும் ஒரு பம்பு, வெளிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று ஒன்றரை மடங்கு போனால் பெட்ரோலையும் ஒன்றரை மடங்கு எரிக்கலாம். சிலிண்டர் அதே அளவுதான். வேலை பெரிய இன்ஜினின் வேலை.

இந்தப் பம்பின் பூர்வீகம் சுவாரசியமானது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860ல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவி அது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தனது டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்களில் அதைப் பொருத்தியது. அந்த லாரி இன்ஜின்களிலிருந்து கழற்றிய ஊதுகருவிகளைத்தான் வேகப் பித்தர்கள் தங்கள் வி-8 இன்ஜின்களின் தலையில் உட்கார வைத்தார்கள். மஸில் காரின் மூடியைத் துளைத்துக்கொண்டு எழும் அந்த அலுமினியக் கோபுரம் ஒரு டூ-ஸ்ட்ரோக்கிடம் கடன் வாங்கியது என்பது பலருக்குத் தெரியாது.

அப்படியானால் டூ-ஸ்ட்ரோக் யெஸ்டிக்கு அது பொருந்த வேண்டுமே? பொருந்தாது. காரணம் எளிது. டீசல் இன்ஜினில் உள்ளே ஊதப்படுவது வெறும் காற்று. அதில் கொஞ்சம் புகைப் போக்கி வழியாக ஓடிப்போனால் நஷ்டமில்லை. டீசல் பிறகுதான் பீய்ச்சப்படுகிறது. யெஸ்டியில் உள்ளே வருவது காற்றும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த கலவை. பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை வெளியேறும் வாசலும் கலவை நுழையும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். முன்வாசலில் தள்ளத் தள்ளப் பின்வாசலில் ஓடிவிடும். காசைக் கரியாக்குவது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

இந்தச் சிக்கலை ஜெர்மனியின் டிகேடபிள்யூ கம்பெனி முப்பதுகளிலேயே சந்தித்தது. இரண்டு பிஸ்டன்கள் ஒரே எரிதல் அறையைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு, கலவையைத் தள்ளுவதற்கு மட்டும் இன்னொரு பிஸ்டன் என்று பந்தய இன்ஜினையே தலைகீழாக மாற்றியது. ஈவால்ட் க்ளூகே அப்படிப்பட்ட 250 சிசி வண்டியில் 1938ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் வென்றார். பெட்ரோலை அது குடித்த வேகமும் போட்ட சத்தமும் இன்றும் பேசப்படுகின்றன. 1946ல் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் சூப்பர்சார்ஜருக்கே தடை வந்தது.

தடை ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் பம்பு இல்லாமலே அதே காரியத்தைச் சாதிக்கும் வழியை மெருகேற்றினார். அவர் கை வைத்தது புகைக் குழாயில். குழாய் முதலில் விரிந்து பிறகு குறுகினால், வெடித்து வெளியேறும் புகையின் அழுத்த அலை இரண்டு வேலை செய்யும். விரியும் இடத்தில் திரும்பும் அலை சிலிண்டரிலிருந்து புகையை உறிஞ்சும். குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, தப்பித்து வந்த புதிய கலவையை வாசல் மூடும் முன் உள்ளே தள்ளும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத சூப்பர்சார்ஜர். இந்த ரகசியத்தோடு எம்இசட்டின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961ல் மேற்கே தப்பி ஜப்பானின் சுஸுகியில் சேர்ந்தார். அதே 1961ல்தான் யாதவகிரியில் முதல் ஜாவாக்கள் வெளியே வந்தன.

ஆக, ரோட்கிங்குக்கு சூப்பர்சார்ஜர் வேண்டும் என்பவர் தேட வேண்டியது ஒரு குழாயை. அதற்கும் விலை உண்டு. இந்த அலை விளையாட்டு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே கூடிவரும். மேலே பலம் கூடினால் கீழே குறையும். நான்கு கியர் மட்டுமே உள்ள யெஸ்டியின் பெருமையே கீழ் வேகத்தில் இழுக்கும் இழுப்புதான். மேல் கியரில் மெதுவாக உருண்டு, கியர் மாற்றாமல் மேடேறும் வண்டி அது. பந்தயக் குழாயை மாட்டி, சிலிண்டரின் வாசலையும் உயர்த்தி அறுத்துவிட்டால் சாமுண்டி மலையேற்றத்தில் கியரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் ஓட்டிய காலத்தில் அது சரி. காய்கறிக் கூட்டத்துக்கு நடுவே அல்ல.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்: "வண்டியை ஓட்டணுமா சார், பந்தயம் விடணுமா?" இதற்குப் பதில் சொல்லாமல் ஸ்பானரை எடுப்பது வரைபடம் இல்லாமல் அஸ்திவாரம் தோண்டுவது போல.

ஓட்ட வேண்டும் என்பது பதிலானால், திட்டம் கீழிருந்து மேலே போக வேண்டும். அமெரிக்க மஸில் கார்க்காரர்களிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்றால் அது இந்த வரிசைதான். சூப்பர்சார்ஜரை வாங்கும் முன் அவர்கள் கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன் ஆகியவை கூடுதல் பளுவைத் தாங்குமா என்று பார்க்கிறார்கள். அழுத்திய காற்று சூடேறி, இன்ஜின் நாக் அடிக்கும் என்பதால் கம்ப்ரஷனைக் குறைக்கிறார்கள். பிறகு குளிரூட்டல், பெட்ரோல் வரத்து, பிரேக். பளபளக்கும் கோபுரம் கடைசியில்தான் ஏறுகிறது.

யெஸ்டியில் கீழ்த்தளம் என்பது கிராங்க். பல துண்டுகளை அழுத்திச் சேர்த்துச் செய்தது. கனெக்டிங் ராடின் கீழ் பேரிங் தேய்ந்திருந்தால் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புதிய பின், பேரிங் போட்டு மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தியபின் டயல் கேஜ் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் கோணல் இருக்கிறதா என்று பார்த்துத் தட்டி நேராக்க வேண்டும். சுத்தியலும் பொறுமையும் சேர்ந்த கலை. அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது.

அடுத்தது ஆயில் சீல். சில நூறு ரூபாய் சாமான், இன்ஜினின் உயிர். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே ஒரு பம்பு. கலவை முதலில் அங்கே வந்துதான் மேலே போகிறது. ஒரு பக்க சீல் போனால் கிளட்ச் பக்கத்து எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகையாக வெளியேறும். இது கண்ணுக்குத் தெரியும் நோய். மறுபக்க சீல் போனால் உள்ளே வருவது காற்று. கலவை மெலியும், சூடு ஏறும், வண்டி திடீரென்று சுறுசுறுப்பாக ஓடுவதுபோலக்கூடத் தோன்றும், பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கட்டி முடித்த இன்ஜினின் வாசல்களை அடைத்து, லேசாகக் காற்றேற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. பல பட்டறைகளில் அது நடப்பதில்லை.

மூன்றாவது சிலிண்டர். 65 மில்லிமீட்டர் விட்டம், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். தேய்ந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். 'பெரிய பிஸ்டன் போட்டால் பலம் கூடும்' என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. கணக்குப் போட்டால் தெரியும்: விட்டத்தை ஒரு முழு மில்லிமீட்டர் கூட்டினாலும் கூடுவது 8 சிசிக்குச் சற்றுக் குறைவுதான், அதாவது 3 சதவீதம். அதற்காகச் சிலிண்டரின் ஆயுளில் பெரும் பகுதியைச் செலவழித்திருப்போம். ரீபோர் என்பது திருப்பிப் போட முடியாத இரும்பு. தேவைக்குமேல் ஒரு நூலும் அறுக்கக் கூடாது.

பலம் கூட்ட மலிவான வழி ஒன்று உண்டு. அதைச் சொன்னால் ஆர்வலர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்: சுத்தம் செய்வது. டூ-ஸ்ட்ரோக் எண்ணெயின் கரி, சிலிண்டர் வாசலிலும் சைலன்சருக்குள் இருக்கும் குழாயிலும் வருடக் கணக்கில் படிகிறது. வண்டி மூச்சுத் திணறுகிறது. கரியை எடுத்து, கார்பரேட்டரைக் கழுவி, பிளாட்டினம் பாயிண்டைச் சரியான நேரத்துக்கு வைத்தாலே காணாமல் போன குதிரைகளில் பல லாயத்துக்குத் திரும்பிவிடும். புதிதாக வாங்குவதைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.

இந்தக் காலத்துக்கே உரிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. பம்புகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும். வேறு விதமாகச் சொன்னால், அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய கார்பரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய அளவையே ஊற்றும், கலவை மெலியும். மெலிந்த கலவை என்றால் சூடு, சூடு என்றால் பிஸ்டன் பிடிப்பு. ஆகவே ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்வது திட்டத்திலேயே இருக்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் அரிக்கும். அது ஈரத்தை இழுக்கும். மாதக் கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை ஓடும் பொழுதுபோக்கு வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல.

மெக்கானிக் கேட்காத ஒரு கேள்வியைச் சட்டம் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. தேய்ந்த இன்ஜினுக்குப் பதில் அதே ரக இன்ஜின் வைப்பதானாலும் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். இன்ஜின் எண் பொறித்த கிராங்க் உறையைப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த வேறொன்றால் மாற்றினால், ஆர்.சி. புத்தகம் ஒன்று சொல்லும், வண்டி வேறொன்று சொல்லும்.

இதைவிட முக்கியமான விதி 2021 ஜூலையில் வந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வாகனங்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு வழி செய்தது. நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்துகள் இருக்கும். தினசரி ஓட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் அனுமதி இல்லை. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் ஓட்டலாம். நிபந்தனை ஒன்று கவனிக்கத்தக்கது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டகத்திலோ உடலிலோ இன்ஜினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. அறுபதுகளின் ஜாவாக்கள் இந்த வயதை எட்டிவிட்டன. முதல் ரோட்கிங்குகளுக்கு 2028ல் 50 வயது நிறைகிறது. இப்போது ஐந்து குதிரைகளுக்காகச் சிலிண்டரை அறுத்துப் பந்தயக் குழாய் மாட்டுபவர், நாளை தன் வண்டிக்குக் கிடைக்கக்கூடிய கௌரவத்தை இன்றே விற்றுவிடுகிறார் என்று அர்த்தம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. வண்டி ஓடுவதற்குத்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அல்ல என்பார்கள். நியாயம். மோட்டார் சைக்கிளின் சரித்திரமே அதை மாற்றிப் பார்த்தவர்களின் சரித்திரம்தான். காடன் குழாயில் கை வைத்திராவிட்டால் டூ-ஸ்ட்ரோக் என்றோ செத்திருக்கும். அதற்கு ஒரு நடுவழி உண்டு: கழற்றக் கூடியதை மட்டும் மாற்றுவது. குழாயை மாட்டலாம், பழைய சைலன்சரை எண்ணெய் தடவிப் பரணில் வைக்கலாம். பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அறுப்பது, சுரண்டுவது, பற்றவைப்பது ஆகியவற்றில்தான் கை தயங்க வேண்டும். வேகம் கூட்டுபவர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: பழைய டிரம் பிரேக்குக்கு எந்தக் குழாயும் உதவாது.

புதுப்பிப்பதா, மாற்றிக் கட்டுவதா என்ற விவாதம் தேவராஜ மொஹல்லாவுக்குப் புதிதல்ல. 2016ல் மார்க்கெட்டின் ஒரு பகுதி இடிந்து விழுந்த நாளிலிருந்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, பழையதைத் தூக்கி நிறுத்துவதா என்று நிபுணர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நீதிமன்றம் வரை போனார்கள். கட்டடமோ இன்ஜினோ, அறிவு ஒன்றுதான்: இடிப்பதற்கு ஒரு நாள் போதும், ஆகவே அளப்பதற்குப் பல நாள் எடுத்துக்கொள்ளலாம்.

யாதவகிரியில் கடைசல் எந்திரத்தின் முன் நின்றவர்கள் இன்று முதியவர்கள். அவர்களிடம் கற்ற பட்டறைக்காரர்களின் தலையும் நரைத்துவிட்டது. பிஸ்டனும் ரிங்கும் டெல்லி கரோல் பாக்கிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் எப்படியாவது கிடைக்கும். கிராங்க்கை எங்கே எவ்வளவு தட்ட வேண்டும் என்பது எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே ரோட்கிங் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். பிரிக்கும்போது எடுத்த ஒவ்வோர் அளவும், போட்ட ஒவ்வொரு சாமானின் நம்பரும், மெக்கானிக் சொன்ன ஒவ்வொரு யுக்தியும் அதில் ஏற வேண்டும். அடுத்த முறை இந்த இன்ஜின் பிரிக்கப்படும்போது சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாமல் போகலாம். நோட்டு இருந்தால் வண்டி ஓடும்.